போஸ், பாசு, வசு: ஒரே குடும்பப் பெயர் கொண்டவர்களைப் பிழையில்லாமல் பட்டியலிடும் முறை

"போஸ்" என்று மட்டும் தேடிப் பாருங்கள். செடியின் வளர்ச்சியைக் கருவி வைத்து அளந்தவர், இந்திய தேசிய ராணுவத்தை நடத்தியவர், அரசியல் சாசனத்தின் மூலப் பிரதிக்குச் சித்திரங்கள் தீட்டியவர், பதினெட்டு வயதில் தூக்குமேடை ஏறியவர், ஒலிபெருக்கி நிறுவனம் தொடங்கியவர் என எல்லோரும் ஒரே குவியலாக வந்து விழுவார்கள். அந்தக் குவியலைப் பிரித்து, ஒவ்வொருவரையும் அவரவர் இடத்தில் நிறுத்தும் பட்டியல் ஒன்றைத் தயாரிப்பது எப்படி என்பதே இந்தக் கட்டுரை. பள்ளித் திட்டப்பணிக்கும் நூலக அட்டவணைக்கும் கலைக்களஞ்சியப் பக்கத்துக்கும் வினாடி வினாத் தொகுப்புக்கும் முறை ஒன்றுதான். கோஷ், சென், மேனன், ஸ்மித் என்று எந்தக் குடும்பப் பெயருக்கும் இதையே பின்பற்றலாம். போஸை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், இந்த வேலையில் வரக்கூடிய பிழைகள் ஏறக்குறைய எல்லாமே அந்த ஒரு பெயரில் அடங்கியிருக்கின்றன.

தமிழில் இதைச் செய்கிறவருக்குக் கூடுதலான ஒரு சிக்கல் உண்டு. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால் நிற்கும், சொந்தப் பெயர் பின்னால் வரும். அந்தப் பழக்கத்தில் "ஜே. சி. போஸ்" என்பதைப் படித்தால், போஸ் அவருடைய பெயர், ஜே. சி. என்பது ஊரும் தகப்பனும் என்று மனம் தானாக எடுத்துக்கொள்கிறது. உண்மை தலைகீழ். ஜகதீச சந்திர என்பது முழுவதும் அவருடைய சொந்தப் பெயர். அப்பா பகவான் சந்திர போஸ். தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்தது அந்தக் கடைசிச் சொல் மட்டுமே. பட்டியலைத் தொடங்கும் முன் இந்த ஒன்றை மனத்தில் ஊன்றிக்கொள்ளுங்கள்.

பெயரின் எல்லா வடிவங்களையும் முதலில் சேர்த்துவிடுங்கள்

வங்காளத்தில் இந்தப் பெயரை எழுதுவது ஒரே மாதிரிதான். அதன் வேர் "வசு" என்ற வடசொல். வங்காளியர் நாவில் வகரம் பகரமாகிறது, அகரம் ஒகரத்தை நெருங்குகிறது, சகரம் ஷகரமாக ஒலிக்கிறது. ஆக, அவர்கள் சொல்வது ஏறத்தாழ "போஷு". ஆங்கிலேயர் காலத்தில் இதைக் காதால் கேட்டு எழுதியவர்கள் "போஸ்" என்றார்கள். எழுத்தைப் பார்த்து மாற்றியவர்கள் "பாசு" என்றார்கள். சிலர் இரண்டையும் கலந்து "போசு" என்று எழுதினார்கள். தமிழுக்கு இவை எல்லாமே வந்து சேர்ந்திருக்கின்றன: சுபாஷ் சந்திர போஸ், ஜோதி பாசு, பழைய எழுத்துகளில் ஜகதீச சந்திர வசு அல்லது வஸு. மூன்றும் ஒரே குடும்பப் பெயர்.

ஒரே வீட்டுக்குள் இரண்டு வடிவங்கள் இருப்பதும் உண்டு. "பரசுராம்" என்ற புனைபெயரில் நகைச்சுவைக் கதைகள் எழுதிய ராஜசேகர் பாசுவும் (1880–1960), 1922-இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவிய கிரீந்திரசேகர் போஸும் (1887–1953) கூடப்பிறந்த சகோதரர்கள். "போஸ்" என்று மட்டும் தேடிப் பட்டியல் போட்டவர் அண்ணனை விட்டுவிடுவார். "பாசு" என்று தேடியவர் தம்பியை விட்டுவிடுவார்.

எனவே வேலையின் முதல் படி, ஒரு தாளில் வடிவங்களை வரிசையாக எழுதிக்கொள்வது: போஸ், போசு, போஸு, பாசு, பாஸு, பாஸூ, பசு, பஸு, வசு, வஸு. "பசு" என்பதைத் தேடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது வேண்டாம், தமிழில் அது மாட்டைக் குறித்துவிடும். தலைப்புக்கு ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவர் பெயரையும் தமிழில் நிலைத்துவிட்ட வடிவத்திலேயே எழுதுவது நல்லது. ஜோதி பாசுவை ஜோதி போஸ் ஆக்கினால் எந்த வாசகருக்கும் அடையாளம் தெரியாது.

கணினியில் தேடும்போது இன்னும் இரண்டு தடைகள் உண்டு. "போ" என்ற எழுத்தை ஒருங்குறியில் (யூனிகோட்) இரண்டு விதமாகத் தட்டச்சு செய்திருக்கலாம்: பகரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது, அல்லது ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடுபொறிகள் இதைச் சரிசெய்துகொள்ளும். எக்செலும் சாதாரண உரைத் தொகுப்பிகளும் பல நேரம் சரிசெய்யாது. இரண்டாவது தடை, வருடிய பழைய நூல்களில் வருவது. அங்கே கால் குறியை எழுத்துணரி மென்பொருள் ரகரமாகப் படித்துவிடும், "போஸ்" என்பது "பேரஸ்" அல்லது "பேர்ஸ்" ஆகிவிடும். பழைய இதழ்களில் தேடுவதானால் இந்தப் பிழை வடிவங்களையும் ஒருமுறை தட்டிப் பார்ப்பது வீண் வேலை ஆகாது.

யார் உள்ளே, யார் வெளியே

பட்டியலைக் கெடுப்பது பெரும்பாலும் விடுபட்ட பெயர் அல்ல, தவறாக உள்ளே வந்த பெயர்தான். போஸ் விஷயத்தில் மூன்று வகையினர் வாசலிலேயே நிற்பார்கள்.

முதல் வகை, போஸைச் சொந்தப் பெயராகக் கொண்டவர்கள். நேதாஜியின் படையில் மலாயாத் தமிழர் ஏராளமாகச் சேர்ந்தார்கள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஆந்திரத்திலும் அவர்மேல் இருந்த பற்றில் பிள்ளைகளுக்கு போஸ் என்றும் சந்திரபோஸ் என்றும் பெயர் வைத்தார்கள். திருப்பரங்குன்றம் சட்டமன்ற உறுப்பினராக இருந்து 2018-இல் மறைந்த ஏ. கே. போஸ், தமிழ்த் திரையிசையமைப்பாளர் சந்திரபோஸ், 2023-இல் ஆஸ்கர் விருது பெற்ற தெலுங்குப் பாடலாசிரியர் சந்திரபோஸ் ஆகியோர் இந்த வகை. மிகவும் ஏமாற்றக்கூடியவர் சி. வி. ஆனந்த போஸ். 2022 நவம்பரில் மேற்கு வங்க ஆளுநராகப் பொறுப்பேற்றவர், பெயரிலும் போஸ், ஆகவே வங்காளி என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அவர் கோட்டயம் மாவட்டத்து மலையாளி. இவர்களைப் பட்டியலிலிருந்து ஒரேயடியாக நீக்கவும் வேண்டாம். "போஸ் என்பதைச் சொந்தப் பெயராகக் கொண்டவர்கள்" என்று கீழே தனிப் பகுதி வைத்துவிட்டால், தேடி வந்தவருக்கும் விடை கிடைக்கும், தலைப்பும் கெடாது.

இரண்டாவது வகை, வேறு நாட்டில், வேறு வேரிலிருந்து பிறந்து, தமிழில் எழுதும்போது ஒன்றாகிவிடும் பெயர். ஜெர்மனியில் ஒரு "போசெ" உண்டு. கியார்க் மத்தியாஸ் போசெ (1710–1761) லைப்சிக்கில் பிறந்து விட்டன்பர்க்கில் பேராசிரியராக இருந்தவர், நிலைமின்சாரச் சோதனைகளால் புகழ்பெற்றவர். ஆங்கில எழுத்தில் அவர் பெயரும் ஜகதீசர் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. இருவரும் மின்னியல் ஆய்வாளர்கள் வேறு. "18-ஆம் நூற்றாண்டின் மின்னியலாளர் போஸ்" என்று எங்காவது பார்த்தால் அது இந்த ஜெர்மானியர். இவருக்கும் தனிப் பகுதி, "வேறு தோற்றம் கொண்ட ஒத்த பெயர்" என்று. தமிழ் எழுத்தில் இப்படி ஒன்றாகிவிடும் பெயர்கள் நிறைய: எலக்ட்ரானைக் கண்டறிந்த ஜே. ஜே. தாம்சனும், வெப்பவியலில் பேர்பெற்ற ரம்ஃபோர்ட் பிரபு பெஞ்சமின் தாம்சனும் ஆங்கிலத்தில் ஓர் எழுத்து வேறுபடுகிறார்கள், தமிழில் வேறுபடுவதே இல்லை.

மூன்றாவது, வெறும் நடுப்பெயர். "சந்திர" என்பது சுபாஷ், அவர் அண்ணன் சரத், ஜகதீசர், கணிதவியலாளர் ராஜ் சந்திரர் எல்லோர் பெயரிலும் வருகிறது. அது குடும்பப் பெயரின் பகுதி அல்ல. "சந்திரபோஸ்" என்று ஒட்டி எழுதி அதையே குடும்பப் பெயராக்குவது தமிழில் அடிக்கடி நேர்கிற பிழை. இடைவெளி விட்டு எழுதுங்கள்.

ஆளுக்கு ஒரு சீட்டு

பெயர்களை நேரடியாகப் பட்டியலில் எழுதாதீர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு, அல்லது எக்செலில் ஒரு வரிசை, போடுங்கள். அதில் எட்டுக் கட்டங்கள் போதும்: முழுப் பெயர், தமிழில் வழங்கும் வடிவம், முன்னெழுத்துச் சுருக்கம், பிறந்த ஆண்டு, மறைந்த ஆண்டு, துறை (மூன்று சொற்களுக்குள்), பெற்றோர் பெயர், பட்டியலில் உள்ள வேறு யாருக்காவது உறவா என்பது. பெற்றோர் கட்டத்தைப் பலர் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் வரும்போது கைகொடுப்பது அதுதான்.

அப்படி வருகிறார்களா? வருகிறார்கள். சத்தியேந்திரநாத் போஸ் என்றதும் 1924-இல் டாக்காவிலிருந்து ஐன்ஸ்டைனுக்குத் தம் கட்டுரையை அனுப்பிய இயற்பியலாளர் (1894–1974) நினைவுக்கு வருகிறார். அதே பெயரில் மேதினிபூர்ப் புரட்சியாளர் ஒருவர் இருந்தார். அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் அப்ரூவரான நரேந்திரநாத் கோஸ்வாமியைச் சிறைக்குள்ளேயே கனாயிலால் தத்தாவுடன் சேர்ந்து சுட்டவர், 1908 நவம்பரில் தூக்கிலிடப்பட்டவர். அப்போது இயற்பியலாளருக்கு வயது பதினான்கு. புரட்சியாளரைப் பெரும்பாலும் "போசு" அல்லது "பாசு" என்று எழுதுவார்கள், ஆனால் அந்த எழுத்து வேற்றுமையை நம்பி விட்டுவிடக் கூடாது. சீட்டில் மறைந்த ஆண்டு இருந்தால் குழப்பத்துக்கே இடமில்லை.

இதே புரட்சியாளர் இன்னொரு விதத்திலும் சறுக்கவைப்பார். குதிராம் போஸும் (1889–1908) மேதினிபூர் மாவட்டத்துக்காரர், அதே 1908-இல் தூக்கிலிடப்பட்டவர். குதிராமின் வழக்கு முசாபர்பூர் குண்டுவீச்சு, தண்டனை நிறைவேறியது ஆகஸ்ட் 11. சத்தியேந்திரநாத்தின் வழக்கு சிறைக்குள் நடந்த கொலை. "1908-இல் தூக்கிலிடப்பட்ட போஸ்" என்று மட்டும் எழுதினால் அது இருவரையும் குறிக்கும்.

சீட்டின் துறைக் கட்டத்தை ஒருவருக்கு மட்டுமே பொருந்துமாறு எழுதுவதில்தான் திறமை இருக்கிறது. "சென்னைக் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர்" என்பது துல்லியமான குறிப்பு போலத் தோன்றும். 1898 சென்னை மாநாட்டுக்குத் தலைவர் ஆனந்த மோகன் போஸ். 1914 சென்னை மாநாட்டுக்குத் தலைவர் பூபேந்திரநாத் போஸ். ஆண்டு இல்லாவிட்டால் குறிப்பு செல்லாது. ஹரிபுரா காங்கிரசிலும் இப்படித்தான்: 1938-இல் அங்கே தலைவர் சுபாஷ், அந்த மாநாட்டுக்காகத் தீட்டிய ஓவியத் தட்டிகளால் பேர்பெற்றவர் நந்தலால் போஸ். "ஹரிபுராவோடு தொடர்புடைய போஸ்" என்பதற்கு இரண்டு விடை.

முன்னெழுத்துகளை நம்பாதீர்கள்

பழைய செய்தித்தாள்களிலும் நூல் அட்டவணைகளிலும் "எஸ். சி. போஸ்" என்று இருந்தால் உடனே நேதாஜி என்று குறித்துக்கொள்ளக் கூடாது. அவருடைய அண்ணன் சரத் சந்திர போஸும் (1889–1950) எஸ். சி. போஸ்தான். இருவரும் வங்கக் காங்கிரசில் தலைவர்கள், இருவரும் சிறை சென்றவர்கள். பிரித்தறியத் தேதியைப் பாருங்கள். 1941 ஜனவரிக்குப் பிறகு கல்கத்தாவில் இருந்து பேசுகிற எஸ். சி. போஸ் என்றால் அது சுபாஷாக இருக்க வழியில்லை, அவர் அந்த மாதம்தான் வீட்டுக் காவலிலிருந்து தப்பினார். 1946 இடைக்கால அரசில் இருந்தவரும் சரத்தான். 1938, 1939 காங்கிரஸ் தலைவர் என்றால் சுபாஷ். இந்தக் காலக் குறிகளுக்கு வெளியே ஐயம் வந்தால், முழுப் பெயர் கிடைக்கும்வரை அந்தக் குறிப்பை எவருடைய சீட்டிலும் ஏற்றாதீர்கள்.

எஸ். என். போஸில் உள்ள சிக்கலை மேலே பார்த்தோம். ஜே. சி. (ஜகதீச சந்திரர்), ஆர். சி. (ராஜ் சந்திரர்), டி. எம். (தேபேந்திர மோகன்), ஏ. எம். (ஆனந்த மோகன்) ஆகிய நால்வரும் அறிஞர்கள் என்பதால் ஓர் எழுத்து அச்சில் மாறினாலே ஆள் மாறிவிடும். பட்டியலின் இறுதி வடிவில் முன்னெழுத்து மட்டும் கொண்ட பெயர் ஒன்றுகூட இருக்கக் கூடாது. முழுப் பெயரை எழுதி, தேடுகிறவர் வசதிக்காகச் சுருக்கத்தைப் பக்கத்தில் காட்டலாம்.

பெயரை வைத்து ஊரையோ பாலினத்தையோ ஊகிக்கவும் வேண்டாம். உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த விவியன் போஸ் (1891–1983) ஆண், இந்தியர். ஒலிபெருக்கி நிறுவனத்தை 1964-இல் தொடங்கிய அமர் போஸ் (1929–2013) பிறந்தது பிலடெல்பியாவில்.

உறவு: சான்று இல்லாமல் ஒரு கோடுகூட இழுக்காதீர்கள்

ஒரே குடும்பப் பெயர் என்றால் ஒரே குடும்பம் என்று நினைப்பது இயல்பு. போஸ், கோஷ், மித்ரா ஆகியவை வங்கக் காயஸ்தரிடையே பரவலான பெயர்கள். பெயர் பொருந்துவதால் சாதி தெரியலாம், உறவு தெரியாது. ஜகதீசரும் (1858–1937) சத்தியேந்திரநாத்தும் ஆசிரியர், மாணவர். உறவினர் அல்லர். ராஷ் பிகாரி போஸும் (1886–1945) சுபாஷும் (1897–1945) உறவினர் அல்லர். இந்த இரண்டாவது இணையில் பலர் தடுமாறக் காரணம் இருக்கிறது. 1912-இல் டெல்லியில் ஹார்டிஞ்ச் பிரபுமீது குண்டு வீசிய சதியில் ஈடுபட்டு, 1915-இல் ஜப்பானுக்குத் தப்பிய ராஷ் பிகாரிதான் 1943 ஜூலையில் சிங்கப்பூரில் இந்திய சுதந்திர லீகின் தலைமையை சுபாஷிடம் ஒப்படைத்தவர். ஒரு போஸ் இன்னொரு போஸிடம் பொறுப்பைக் கொடுத்தார் என்றதும் அண்ணன் தம்பி, சித்தப்பா மகன் என்று கதை கட்டிவிடுகிறார்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. தேபேந்திர மோகன் போஸ் (1885–1975), ஜகதீசருக்குப் பின் 1938-இல் போஸ் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநரானவர், ஜகதீசருடைய உறவினர்தான். இருவர் பெயரிலும் போஸ் இருப்பதால் அண்ணன் மகன் என்று எழுதிவிடுவார்கள். ஜகதீசர் அவருக்குத் தாய்மாமன். தேபேந்திர மோகனுக்கு போஸ் என்ற பெயர் வந்தது அப்பா மோகினி மோகன் போஸ் வழியாக. ஜகதீசரோடு ரத்த உறவு வந்தது அம்மா வழியாக. ஆனந்த மோகன் போஸ் (1847–1906) அவருக்கு அப்பா வழிப் பெரியவர், அந்த ஆனந்த மோகனும் ஜகதீசரின் சகோதரி சுவர்ணபிரபாவைத்தான் மணந்தார். போஸ் வீட்டுப் பெண் போஸ் வீட்டுக்கே மருமகளாகப் போனதால் அவர் பெயரில் மாற்றம் எதுவும் தெரியாது. ஆங்கிலத்தில் "நெஃப்யூ" என்ற ஒரே சொல் இருப்பதால் அங்கே இந்த வேற்றுமை மறைந்துவிடும். தமிழில் மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. மருமகனா, அண்ணன் மகனா, அக்கா மகனா என்று தெரிந்த பிறகே எழுதுங்கள். தெரியாதபோது "உறவினர்" என்று நிறுத்திக்கொள்ளலாம்.

சுபாஷின் குடும்பத்தில் உறவுக் கோடு நேரானது: கட்டாக் வழக்கறிஞர் ஜானகிநாத் போஸ், அவர் மகன்கள் சரத்தும் சுபாஷும், சரத்தின் மகன் சிசிர் குமார் (1920–2000), அவர் மகன் வரலாற்றாசிரியர் சுகதா போஸ். 1941 ஜனவரி இரவில் சுபாஷை எல்கின் சாலை வீட்டிலிருந்து காரில் அழைத்துச் சென்றவர் சிசிர், அதாவது அண்ணன் மகன். இந்த ஐவரையும் அடுத்தடுத்து வைத்து உறவை ஒரே சொல்லில் குறித்தால் போதும்.

பெண்களின் பெயர் எங்கே போகிறது

குடும்பப் பெயர்ப் பட்டியல்களில் பெண்கள் குறைவாக இருப்பதற்குக் காரணம், திருமணத்தில் பெயர் மாறுவதைத் தொகுப்பவர் கவனிக்காததுதான். இந்தியாவின் முதல் பெண் மருத்துவர்களில் ஒருவரான காதம்பினி கங்குலி (1861–1923) பிறப்பால் பாசு. 1883-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற இரண்டு பெண்களில் ஒருவர் இவர், மற்றவர் சந்திரமுகி பாசு. சந்திரமுகியைச் சேர்த்துக் காதம்பினியை விட்டால் பட்டியல் பாதிதான்.

எதிர்த்திசையில் அபலா போஸ். பிறப்பால் தாஸ். மருத்துவம் படிக்க 1882-இல் சென்னைக்கு வந்தார், உடல்நலக் குறைவால் படிப்பை முடிக்க முடியவில்லை. 1887-இல் ஜகதீசரை மணந்து போஸ் ஆனார். பெண் கல்விக்காக 1919-இல் நாரி சிக்ஷா சமிதியை நிறுவினார். "ஜகதீசரின் மனைவி" என்று மட்டும் எழுதிவிட்டு நகர்வது அவருக்குச் செய்யும் அநியாயம். முதலில் அவர் செய்த வேலை, பிறகு உறவு. நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த கிருஷ்ணா போஸும் (1930–2020) திருமணத்தால் போஸ் ஆனவர், சிசிரின் மனைவி.

சீட்டில் பெண்களுக்கு ஒன்பதாவது கட்டம் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: "பெயர் பிறப்பாலா, திருமணத்தாலா". இருவகையினரும் பட்டியலில் இருக்கலாம், எது என்று ஒரு சொல்லில் சொன்னால் போதும்.

பெயர் தாங்கிய பொருள்கள்

ஆளைத் தேடுகிறவர்களில் கணிசமானோர் உண்மையில் ஒரு பொருளிலிருந்து தொடங்கி வருகிறவர்கள். ஆகவே எந்தப் பொருள் யாருடையது என்ற சிறு பகுதி தேவை. இங்கே நேரும் பிழை ஒன்றே ஒன்று: அறிவியலில் போஸ் என்று வந்தால் எல்லாவற்றையும் சத்தியேந்திரநாத் கணக்கில் எழுதுவது.

போசான் துகளும் போஸ்–ஐன்ஸ்டைன் புள்ளியியலும் சத்தியேந்திரநாத்துடையவை. நிலவின் மறுபக்கத்தில் உள்ள போஸ் பள்ளம் ஜகதீசரின் பெயர். கல்கத்தாவின் போஸ் ஆய்வு நிறுவனம் 1917 நவம்பர் 30 அன்று ஜகதீசர் நிறுவியது. அதே நகரத்தில் அடிப்படை அறிவியலுக்கான எஸ். என். போஸ் தேசிய மையமும் இருப்பதால் இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். ஹௌராவின் சிப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு 2009-இல் சூட்டப்பட்டது ஜகதீசர் பெயர். தம்தம் விமான நிலையம் 1995 முதல் நேதாஜி பெயரில் இருக்கிறது.

அதிகம் மறக்கப்படுகிறவர் ராஜ் சந்திர போஸ் (1901–1987). டீக்கடையில் பணம் கட்ட நாம் வருடும் கியூஆர் கட்டத்தின் வடிவத் தகவலைப் பிழையிலிருந்து காப்பது பிசிஹெச் குறிமுறை. அதன் ஆங்கில முதலெழுத்து இவருடையது, சத்தியேந்திரநாத்துடையது அல்ல. 1782-இல் ஆய்லர் சொன்ன சதுரப் புதிர் ஊகத்தை 1959-இல் ஸ்ரீகண்டே, பார்க்கர் ஆகியோருடன் சேர்ந்து உடைத்தவரும் இவர்தான். கணிதத்தில் போஸ் என்று கண்டால் முதலில் ராஜ் சந்திரரைச் சந்தேகியுங்கள். இயற்பியலில் கண்டால் சத்தியேந்திரநாத்தா, ஜகதீசரா, தேபேந்திர மோகனா என்று மூன்று பேரையும் பாருங்கள்.

ஆண்டுகளில் வரும் சிக்கல்

வங்காள மூலங்களில் ஆண்டுகள் வங்காள ஆண்டுக் கணக்கில் இருக்கும். அந்த ஆண்டு ஏப்ரல் நடுவில், நம் சித்திரைப் பிறப்பை ஒட்டித் தொடங்குகிறது. வைசாகத்திலிருந்து டிசம்பர் முடியும்வரை 593-ஐக் கூட்ட வேண்டும். ஜனவரியிலிருந்து சைத்ரம் முடியும்வரை 594. சுபாஷ் பிறந்தது வங்காள ஆண்டு 1303, மாக மாதம். 594 கூட்டினால் 1897, சரி. 593 கூட்டினால் 1896, ஓர் ஆண்டு பிழை. தை, மாசி, பங்குனிக்கு இணையான மாதங்களில் பிறந்தவர்கள் எல்லோரிடமும் இந்தப் பிழை நேரக்கூடும்.

சுபாஷின் மறைந்த ஆண்டு தனிக் கவனம் கேட்கும். 1945 ஆகஸ்ட் 18 அன்று தைவானில் விமான விபத்தில் இறந்தார் என்பதை 1956-இல் ஷா நவாஸ் குழுவும் பின்னர் கோஸ்லா ஆணையமும் ஏற்றன. முகர்ஜி ஆணையம் ஏற்கவில்லை, அந்த அறிக்கையை 2006-இல் அரசு நிராகரித்தது. ஒரு வரிப் பட்டியலில் 1897–1945 என்று போடுங்கள், கேள்விக்குறியை ஒட்டாதீர்கள். விவாதத்தைச் சொல்ல வேண்டுமானால் அவரைப் பற்றிய தனிப் பக்கத்தில் விரிவாகச் சொல்லுங்கள். ஒரு வரிக்குள் அதைத் திணித்தால் இரு தரப்புக்கும் நியாயம் கிடைக்காது.

பிறந்த ஊரை ஒரு வரிக் குறிப்பில் தவிர்ப்பது நல்லது. ஜகதீசர் பிறந்தது மைமன்சிங் என்பாரும் உண்டு, பிக்ரம்பூர் பக்கம் என்பாரும் உண்டு. "இன்றைய வங்கதேசத்தில் பிறந்தவர்" என்றால் இருவர் கூற்றுக்கும் பொருந்தும்.

வரிசையும் வரியும்

குடும்பப் பெயர் எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதால் அகர வரிசை என்பது சொந்தப் பெயரின் வரிசைதான். அதைக் கணினியிடம் விட்டால் கவனம் தேவை. ஒருங்குறிக் குறியெண் வரிசையில் ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில் வரும். தமிழ் அகராதி முறைப்படி கிரந்த எழுத்துகள் னகரத்துக்குப் பின்னால் வர வேண்டும். இரண்டு மென்பொருள்கள் இரண்டு விதமாக அடுக்கும், ஜகதீசர் ஓரிடத்தில் நடுவிலும் இன்னோரிடத்தில் கடைசியிலும் நிற்பார். வரலாறு நெடுகப் பரவிய பெயர்களுக்குப் பிறந்த ஆண்டு வரிசைதான் சிறந்தது. யார் யாருக்கு மூத்தவர், யார் யாரிடம் படித்திருக்க முடியும் என்பதும் அதில் தானாகப் புலப்படும்.

ஒவ்வொரு வரியும் பெயர், ஆண்டு, ஒரு செயல் என்று பத்துப் பன்னிரண்டு சொற்களில் முடியட்டும். "மாபெரும்", "ஒப்பற்ற" போன்ற சொற்கள் இடத்தை அடைக்குமே தவிர ஆளை அடையாளம் காட்டாது. மாதிரிக்குச் சில வரிகள்:

ராஜ்நாராயண் பாசு (1826–1899): பிரம்ம சமாஜ அறிஞர், ஸ்ரீ அரவிந்தரின் தாய்வழிப் பாட்டனார்.
ஆனந்த மோகன் போஸ் (1847–1906): கேம்பிரிட்ஜின் முதல் இந்திய ரேங்ளர் (கணித முதல் வகுப்பினர்), 1898 காங்கிரஸ் தலைவர்.
ஜகதீச சந்திர போஸ் (1858–1937): நுண்ணலை ஆய்வாளர், தாவர உடலியலாளர், போஸ் ஆய்வு நிறுவன நிறுவனர்.
பூபேந்திரநாத் போஸ் (1859–1924): 1914 காங்கிரஸ் தலைவர்.
நந்தலால் போஸ் (1882–1966): ஓவியர், அரசியல் சாசன மூலப் பிரதிக்கு ஓவியம் தீட்டியவர்.
சத்தியேந்திரநாத் போசு (1882–1908): மேதினிபூர்ப் புரட்சியாளர், இயற்பியலாளர் அல்லர்.
சத்தியேந்திரநாத் போஸ் (1894–1974): இயற்பியலாளர், போசான் இவர் பெயரால் வந்தது.
நிர்மல் குமார் போஸ் (1901–1972): மானிடவியலாளர், காந்தியின் செயலாளராக இருந்தவர்.
புத்ததேவ் போஸ் (1908–1974): வங்காளக் கவிஞர், விமர்சகர்.
ஜோதி பாசு (1914–2010): 1977 முதல் 2000 வரை மேற்கு வங்க முதல்வர்.

"இயற்பியலாளர் அல்லர்" என்ற குறிப்பைக் கவனியுங்கள். ஒருவரை இன்னொருவராக எண்ணிவிடும் வாய்ப்பு உறுதியாக இருக்கும் இடத்தில் மட்டும் இப்படி எதிர்மறையாக எழுதலாம். எல்லா வரியிலும் எழுதினால் படிக்கிறவர் சலித்துவிடுவார்.

முடித்ததும் ஒரு சோதனை. பெயர்களை மறைத்துவிட்டு, ஆண்டும் குறிப்பும் மட்டும் தெரியுமாறு பட்டியலை வேறொருவரிடம் கொடுங்கள். ஒவ்வொரு வரியையும் படித்து யார் என்று அவர் தேடிப் பிடிக்கட்டும். எந்த வரிக்கு இரண்டு விடை கிடைக்கிறதோ, அந்த ஆளின் சீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பெற்றோர் கட்டத்தையும் ஆண்டுக் கட்டத்தையும் மறுபடி சரிபார்த்து, குறிப்பை வேறு செயலால் எழுதுங்கள்.